பொதுக்காட்டில் கடமான் வேட்டை

மூக்கண்டப்பள்ளியில் வாழ்வோர் நாள்தோறும் கேட்பவை ஆலைகளின் ஓசையும், பெங்களூர் நெடுஞ்சாலையில் இடையறாது ஓடும் வண்டிகளின் இரைச்சலுமேயாம். ஓசூர் மாநகராட்சியில் அடங்கிய இவ்வூரில் இருந்துகொண்டு காட்டு விலங்கைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், இங்கிருந்து தென்திசை நோக்கிச் செல்வோமாயின், தேன்கனிக்கோட்டையைக் கடந்த சிறிது நேரத்திற்குள் ஜவளகிரி, அஞ்செட்டி, உரிகம் முதலிய வனச்சரகங்களின் எல்லையை அடைவோம். யானையும், சிறுத்தையும், செந்நாயும், காட்டுமாடும், கடமானும் இன்றும் வாழும் காடுகள் அவை. கேழ்வரகு விளையும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் ஓசூரை அடுத்த சானமாவுக் காடுவரை வந்து தங்குவதையும் நாம் அறிவோம். ஆகவே, காடு நமக்குத் தொலைவிலுள்ளதன்று.

அக்காடுகளில் வாழும் கடமானையும், அதனை ஒத்த அமெரிக்க மான் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, தனியார்க்கு உரியதல்லாத பொதுக்காட்டில் வேட்டைக்குச் செல்வோருள் எத்தனை பேர் கருதியதை அடைகின்றனர், மற்றையோர் வெறுங்கையராய்த் திரும்புவது எதனால், அக்கணக்கு நமக்குக் கற்பிப்பது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம். வேட்டையைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஒரு தேசத்தில் முறையாக நடைபெறும் ஒரு செயல் பிறிதொரு தேசத்தில் குற்றமாக விலக்கப்படுவதன் காரணத்தை விளக்குவதே நம் நோக்கமாம்.

முதற்கண் பெயரைப்பற்றிய மயக்கத்தை நீக்குதல் வேண்டும். ஆங்கிலேயர் 'எல்க்' என்னும் ஒரே பெயரை மூன்று வேறு விலங்குகட்கு இட்டு வழங்கினர். ஐரோப்பாவில் அப்பெயர் அகன்ற தட்டுப்போன்ற கொம்புடைய பெரிய மானைக் குறிக்கும். அதனையே அமெரிக்கர் 'மூஸ்' என்பர். அமெரிக்காவில் 'எல்க்' எனப்படுவது 'வாபிட்டி' என்று அந்நாட்டுப் பழங்குடியினர் வழங்கிய வேறொரு மான். அச்சொல்லுக்கு வெண்ணிறப் பின்புறம் உடையது என்பது பொருள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்த துரைமாரோ, இங்குத் தாம் கண்ட மான்களுட் பெரியதாகிய கடமானுக்கு அப்பெயரைச் சூட்டிவிட்டனர். தென்பாண்டி நாட்டில் மிளா என்றும், இலங்கைத் தமிழரிடையே மரை என்றும், நம் எல்லைப்புறத்துக் கன்னடத்தில் கடவெ என்றும் வழங்குவது இவ்விலங்கே.

அமெரிக்காவின் செய்தியை முதலில் நோக்குவோம். அந்நாட்டில் நடுவண் அரசாங்கத்தின் வசமுள்ள தேசியக் காடுகள் ஏறக்குறைய 19.3 கோடி ஏக்கர் பரப்புடையன; நில மேலாண்மைத் துறையாரின் பொறுப்பிலுள்ள நிலம் ஏறக்குறைய 24.5 கோடி ஏக்கர். இவ்விரண்டும் சேர்ந்து நம் தமிழ்நாட்டைப்போற் பதின்மூன்று மடங்குக்கும் மேலான பரப்பாகும். குடிமக்கள் யாவர்க்கும் பொதுவாகிய இந்நிலங்களுட் பெரும்பாலானவற்றில், உரிய அனுமதிச் சீட்டுப் பெற்று, குறித்த பருவத்தில், குறித்த கருவியைக்கொண்டு வேட்டையாடலாம். நிலம் பொதுவாயினும், விலங்கைப் பாதுகாத்து எண்ணிக்கையை வரையறுக்கும் பொறுப்பு அந்தந்த மாகாண அரசாங்கத்தையே சார்ந்தது.

இவ்வேற்பாடு அழிவைக் கண்டு அஞ்சிய பின்னரே தோன்றிற்று. ஐரோப்பியர் குடியேறுமுன் வட அமெரிக்காவில் ஒரு கோடி எல்க் மான்கள் இருந்திருக்கலாம் என்பது அறிஞர் கணிப்பு. இறைச்சிக்காகவும், தோலுக்காகவும், பல்லுக்காகவுங்கூடக் கட்டுப்பாடின்றிக் கொன்றதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை ஓரிலட்சத்திற்கும் குறைந்துபோயின. 1900-ஆம் ஆண்டில் லேசி சட்டம் பிறந்தது. ஒரு மாகாணத்தின் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை மற்றொரு மாகாணத்திற்குக் கொண்டுசென்று விற்பதை அது தடுத்தது. 1937-ஆம் ஆண்டில் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. நீண்ட துப்பாக்கிகளின்மீதும் தோட்டாக்களின்மீதும் நூற்றுக்கு 11 வீதம் தண்டப்படும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே செலவிட அச்சட்டம் வகைசெய்தது. இறைச்சி விற்பனை ஒழிந்தது, காவலர் அமர்த்தப்பட்டனர், மான்கள் அழிந்துபோன மலைகளுக்கு வேறிடத்து மான்களைக் கொண்டுவந்து விட்டனர். இன்று அந்நாட்டு எல்க் மான்கள் ஏறக்குறைய பத்து இலட்சம்.

இனி வெற்றி வீதத்திற்கு வருவோம். ஒரு பருவத்தில் வேட்டைக்குச் சென்றோர் தொகையால் விலங்கை வீழ்த்தினோர் தொகையை வகுத்து, நூற்றுக்கு இத்தனை என்று கூறுவதே வெற்றி வீதம். எல்க் மான்கள் மிகுதியாக வாழும் மாகாணம் கொலராடோ. இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட எல்க் மான்கள் ஆண்டுள்ள அம்மலைநாட்டிலும், வேட்டைக்குச் செல்வோர் ஐவருள் ஏறக்குறைய ஒருவரே வெற்றி பெறுகின்றனர். வில்லும் அம்பும் கொண்டு செல்வோரின் நிலை இன்னும் தாழ்ந்தது. அவருட் பத்தில் ஒருவர் பெற்றாலே நல்ல காலம் என்பர். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியும், செயற்கைக்கோளின் வழிகாட்டும் கருவியும் கையிலிருக்க, ஐவருள் நால்வர் வெறுங்கையராய்த் திரும்புகின்றனர். இதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, நிலத்தின் இயல்பு. கொலராடோவில் வேட்டை நடைபெறும் மலைச்சரிவுகள் பல 8,000 அடி முதல் 11,000 அடிவரை உயர்ந்தவை. நம் உதகமண்டலத்தினும் உயர்ந்தவை. சமவெளியிலிருந்து வருவோர்க்கு அங்கே மூச்சுவிடுதலே அரிது. இரண்டாவது, விலங்கின் புலன்கள். எல்க் மானின் மூக்கு மிகக் கூரியது. மலையில் காலைக் காற்றுக் கீழ்நோக்கி இறங்கும். வெயிலேற ஏற மேல்நோக்கித் திரும்பும். இதனை அறியாது நடப்பவனுடைய வாடை அவனுக்கு முன்னே சென்று மானை எச்சரித்துவிடும்.

மூன்றாவது காரணம் பொதுநிலத்திற்கே உரியது. எல்லார்க்கும் உரிய காட்டில் எல்லாரும் புகுகின்றனர். புகுவோருட் பெரும்பாலோர் வண்டிச் சாலையை விட்டு நெடுந்தூரம் செல்லார். ஆரிகன் மாகாணத்திலுள்ள ஸ்டார்க்கி சோதனைக்காட்டில் பல ஆண்டுகள் நடைபெற்ற ஆராய்ச்சி, வண்டிகள் செல்லும் சாலைகளை எல்க் மான்கள் விலகிச் செல்கின்றன என்பதைத் தெளிவாகக் காட்டியது. வேட்டைப்பருவம் தொடங்கியவுடன் அவை வேட்டைக்காரர் புகமுடியாத தனியார் பண்ணை நிலங்களுக்குச் சென்று ஒதுங்குவதும் உண்டு. நான்காவது, வீழ்த்திய பின்னர் நேரும் இடர். முதிர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையது. உண்ணத்தக்க இறைச்சியை வீணே விட்டுவருதல் பல மாகாணங்களில் தண்டனைக்குரிய குற்றம். ஆகவே, சாலைக்கு நெடுந்தொலைவில் வீழ்த்தியவன் எலும்பு நீக்கிய இறைச்சியைப் பன்முறை நடந்து முதுகில் சுமந்து வரவேண்டும். இதனை நினைந்தே அறிவுடையோர் தொலைவிற் கண்ட மானையும் சுடாது விடுவர்.

இவ்விடர்களெல்லாம் வேட்டைக்காரனுக்குக் குறைகளாகத் தோன்றலாம். ஆனால் காட்டைக் காப்போருக்கு இவையே பெருந்துணை. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஒரு மலைப்பகுதியில் 2,000 மான்கள் உள்ளன என்றும், ஆண்டுக்கு 200 மான்களை எடுத்தால் இனம் குறையாது என்றும் கொள்வோம். வெற்றி வீதம் நூற்றுக்கு 20 ஆயின், 1,000 பேர்க்குச் சீட்டு வழங்கலாம். புதுக்கருவிகளால் அவ்வீதம் 40 ஆக உயர்ந்ததாயின், சீட்டை 500 ஆகக் குறைத்தல் வேண்டும். அதனை அறியாது முன்போலவே 1,000 சீட்டு வழங்கினால், 400 மான்கள் மடியும். சில ஆண்டுகளில் இனம் தேய்ந்துவிடும். ஆகவே, வென்றவன் கணக்கேயன்றித் தோற்றவன் கணக்கும் வேண்டும். இதுபற்றியே பருவம் முடிந்தபின் வேட்டைக்காரரை வினாவி, வெறுங்கையராய் வந்தோரையும் எண்ணிக்கொள்கின்றனர். பொதுக்காட்டு வேட்டை மூன்று தூண்களின்மேல் நிற்கின்றது: விலங்கின் தொகை தெரிந்திருத்தல், கொல்லப்படுவதன் தொகை தெரிந்திருத்தல், விலங்கு தப்புதற்கு வழியிருத்தல். இம்மூன்றனுள் ஒன்று சாய்ந்தாலும் கட்டடம் நில்லாது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். வேட்டை நம்மவர்க்குப் புதியதன்று. குறிஞ்சி நிலத்தார் தொழிலாகப் பழைய இலக்கணம் அதனைக் கூறும். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்களுள், புலியோடு பொருது மாண்ட வீரர்க்கு எடுத்த புலிக்குத்திப்பட்டான் கற்களும் உள்ளன. அக்காலத்தில் காடு பெரிது, குடிகள் சிலர், கருவி வேலும் அம்பும். கொல்ல முயல்வோனும் உயிருக்கு அஞ்சவேண்டியிருந்தது.

துப்பாக்கி வந்தபின் இந்நிலை மாறிற்று. இலங்கையின் நுவரெலியாவில் 1848-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்பார், வேட்டைநாய்களை ஏவி மலைக்காடுகளில் மரைகளைத் துரத்திக் கொன்றதை ஒரு நூலாகவே எழுதினார். நீலகிரியில் துரைமாரும் தோட்டக்காரரும் வரம்பின்றிச் சுட்டமையால் கடமானும் வரையாடும் அருகின. அதன் பயனாகவே 1879-ஆம் ஆண்டில் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சீட்டின்றி வேட்டையாடலாகாது, விலக்கிய பருவத்தில் வேட்டையாடலாகாது என்னும் விதிகள் அதன்வழி வந்தன. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தின்கீழ் ஒதுக்கிய காடுகளிலும் வேட்டைக்குக் கட்டுப்பாடு ஏற்பட்டது. அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஓசூர்த் தாலூகாவின் காடுகளும் அம்முறையில் அமைந்தவையே.

இவ்விதிகள் காகிதத்தில் நன்கு அமைந்திருந்தன. நடைமுறையிலோ கணக்கு வைத்தவர் சிலர், கணக்கின்றிக் கொன்றவர் பலர். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) என்னும் வேட்டைக்காரர் நம் ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளைத் தம் ஆங்கில நூல்களால் உலகறியச் செய்தவர். 1954-இல் வெளிவந்த அவரது முதல் நூலில் ஜவளகிரிப் புலியின் வரலாறும், தளியை அடுத்த கும்மளாபுரத்துச் சிறுத்தையின் வரலாறும் உள்ளன. இரவில் விளக்கொளியால் மான்களைத் திகைக்கச்செய்து சுடும் கள்ளவேட்டையை அவர் வெறுத்தார். துப்பாக்கியேந்தி வேட்டையாடிய ஒருவரே இவ்வாறு வருந்தினாராயின், காட்டின் நிலையை நாம் உய்த்துணரலாம்.

சுதந்தரத்திற்குப்பின் சாலைகள் பெருகின. ஜீப்பு வண்டிகளும் மின்விளக்குகளும் பெருகின. 1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்திலும் சில விலங்குகளைச் சீட்டுப் பெற்று வேட்டையாடுதற்கு வழியிருந்தது. கடமானும் அவ்வகையில் அடங்கியிருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியை அடைத்துவிட்டது. மனித உயிருக்கு ஆபத்து முதலிய சில தனிக்காரணங்களுக்காக அதிகாரிகள் உத்தரவிட்டாலன்றி, விளையாட்டுக்காகவோ உணவுக்காகவோ காட்டு விலங்கை வேட்டையாடுதல் இன்று இந்தியாவில் குற்றம். காடுவாழ் மக்களின் உரிமைகளை ஏற்ற 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமுங்கூட வேட்டையாடும் உரிமையைத் தெளிவாக விலக்கியே வைத்துள்ளது.

'அமெரிக்கருக்கு ஆகும் செயல் நமக்கு ஏன் ஆகாது?' என்று சிலர் வினவுவர். மேலே கூறிய மூன்று தூண்களைக்கொண்டே விடை கூறலாம். நிலத்தை முதலில் நோக்குக. நம் பகுதியிலுள்ள காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-ஆம் ஆண்டிலும், காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022-ஆம் ஆண்டிலும் அறிவிக்கப்பட்டன. முன்னதன் பரப்பு ஏறக்குறைய 504 சதுர கிலோமீட்டர். பின்னதன் பரப்பு ஏறக்குறைய 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து மூன்று இலட்சம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இதனைச் சூழவும் ஊர்களும், வயல்களும், சாலைகளும் நெருங்கியுள்ளன. மனிதனுக்கு எட்டாத தொலைவிற்கு ஓடி ஒளிதற்கு இங்குள்ள கடமானுக்கு இடம் எங்கே?

அடுத்து, கள்ளவேட்டையின் இயல்பை நோக்குக. கோடைக்காலத்தில் ஓடைகள் வற்றிச் சில மடுக்களே எஞ்சும். கடமான் பெரும்பாலும் இருட்டிலே இயங்குவது. நீரருந்த இரவில் அம்மடுவுக்கு வந்தே ஆகவேண்டும். நெற்றிவிளக்கை அணிந்து, நாட்டுத் துப்பாக்கியோடு மடுவருகில் மறைந்திருப்பவனுக்கு மலையேறும் வருத்தம் இல்லை; காற்றை ஆராயும் அறிவும் பெரிதாக வேண்டுவதில்லை. ஒளியைக் கண்டு மான் திகைத்து நிற்கும். சுருக்குக் கம்பியோ இதனினும் கொடியது. வைத்தவன் வீட்டில் உறங்கும்போதும் அது தன் தொழிலைச் செய்யும். ஆணென்றும், சூல்கொண்ட பெண்ணென்றும், கன்றென்றும் அது பாராது; மானுக்கு வைத்ததிற் சிறுத்தையும் அகப்படும். பருவம், வயது, தொகை என்னும் வரம்பு எதுவும் இங்கில்லை. கொன்றதை எவரிடமும் கூறுவாரும் இலர். ஆகவே கணக்கும் இல்லை. சட்டப்படி நடப்பவன் தோல்வியடைவதற்குரிய காரணங்கள் யாவற்றையும் கள்ளவேட்டைக்காரன் நீக்கிவிடுகின்றான். மானுக்கு இருந்த தப்பும் வழி ஒவ்வொன்றும் அவ்வாறே அடைபடுகின்றது.

கடமான் விரைந்து பெருகும் இனமும் அன்று. ஏறக்குறைய எட்டுத் திங்கள் சூல்சுமந்து, பெரும்பாலும் ஒரே கன்றை ஈனும். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் 2008-ஆம் ஆண்டு முதல் இதனை அழிவுக்கு இலக்காகக்கூடிய விலங்குகளின் வரிசையில் வைத்துள்ளனர். இதன் குறைவு இதனோடு நிற்பதன்று. ஒரு புலிக்கு ஆண்டொன்றுக்கு மான் போன்ற இரைகள் ஏறக்குறைய ஐம்பது வேண்டும். இரையின் தொகை குறையாமல் அவ்வைம்பது கிடைத்தற்கு, ஐந்நூறு இரை விலங்குகளேனும் அக்காட்டில் வாழவேண்டும் என்பது கன்னட நாட்டு நாகரஹொளெக் காட்டில் உல்லாஸ் காரந்த் முதலிய அறிஞர் செய்த ஆராய்ச்சிகளால் நன்கு விளங்கியது. செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் இது ஒக்கும். இரை குறைந்த காட்டிலுள்ள சிறுத்தை எங்கே செல்லும்? ஊரை நாடி ஆட்டுப்பட்டிக்கும் நாய்க்கும் வரும். காட்டில் ஒருவன் திருடிய கடமானுக்கு, காட்டோரத்து ஏழை ஒருத்தி தன் ஆட்டை ஈடாகக் கொடுக்க நேரும்.

காட்டோரத்து உழவர் படும் துன்பத்தையும் நாம் மறந்துவிடலாகாது. ஓராண்டு உழைத்து விளைத்த கேழ்வரகையும் அவரையையும் ஓரிரவில் பன்றியும் யானையும் அழிப்பதைக் கண்டவர்க்குக் காட்டு விலங்கின்மேல் அன்பு பிறத்தல் எளிதன்று. ஆயினும் அச்சினத்தால் செய்யும் செயல் எங்குச் சென்று முடியும் என்பதை 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளியருகே நிகழ்ந்தது காட்டியது. பயிரைக் காக்கச் சட்டத்திற்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று பெண்யானைகள் மாண்டன. தாயை இழந்த இரு கன்றுகள் அவ்விடத்திலேயே சுற்றித் திரிந்தன. பன்றிக்கு இட்ட பொறி பன்றியோடு நில்லாது. உழவர்க்கு வேண்டுவது காலத்தில் கிடைக்கும் நட்டஈடும், அகழியும், முறையான வேலியும், அழைத்தவுடன் வரும் காவலருமே. இவற்றைக் கேட்பது அவர் உரிமை. அவர்க்காகக் கேட்பது நம் கடமை.

இலங்கையிலிருந்து ஒரு நற்செய்தியும் உண்டு. பேக்கர் காலத்தில் நாய்களின் குரைப்பொலி கேட்ட அம்மலைநாட்டில், ஹோர்ட்டன் சமவெளி 1988-ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாக விளங்குகின்றது. இன்று அங்குச் செல்வோர் புல்வெளியில் மரைகள் அஞ்சாது மேய்வதைக் காண்கின்றனர். துன்புறுத்தாது விட்டால் கடமான் இனம் மீளும் என்பதற்கு இதுவே சான்று. நம் ஓசூர் வனக்கோட்டத்திலும், உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமே ஒப்படைக்குமாறு வனத்துறையார் ஊர்தோறும் வேண்டிக்கொண்டபோது, பலர் முன்வந்து ஒப்படைத்தனர். தண்டனையால் மட்டுமன்றி இணக்கத்தாலும் இக்காரியம் கைகூடும் என்பதை இது காட்டுகின்றது.

மூக்கண்டப்பள்ளியைச் சேர்ந்த நாம் துப்பாக்கியைத் தொட்டறியாதவராயிருக்கலாம். ஆயினும் கள்ளவேட்டை நடைபெறுவது பெரும்பாலும் வாங்குவோரை நம்பியே. விடுமுறை நாளில் 'காட்டு இறைச்சி' என்று ஒருவன் மறைவாகக் கொணர்ந்து கூறும்போது, அதனை வாங்கும் கையே மடுவருகில் விசையை இழுக்கும் கையுமாகும். அமெரிக்கர் இறைச்சி விற்பனையை ஒழித்த பின்னரே அவர்தம் மான்கள் மீண்டன என்பதை நினைவிற் கொள்வோமாக. வாங்க மறுப்பதும், அறிந்ததை வனத்துறையினர்க்குத் தெரிவிப்பதும், சுற்றுலாச் செல்லும்போது இரவில் காட்டுச் சாலையில் விளக்கடித்து விலங்கைத் தேடாதிருப்பதும் நம்மால் இயன்றவை.

கொலராடோவின் பொதுக்காட்டில் ஐவருள் நால்வர் வெறுங்கையராய்த் திரும்புவதால் அங்கே எல்க் இனம் வாழ்கின்றது. நம் பொதுக்காடு சிறிது. அதனைச் சூழ்ந்த மக்கள் பலர். கணக்கு வைப்பாரும் இலர். ஆதலின் இங்கே காட்டுக்குள் துப்பாக்கியோடு புகுவோர் ஐவரும் வெறுங்கையராய்த் திரும்புதல் வேண்டும் என்பதே சட்டத்தின் கருத்து. அக்கருத்து நிறைவேறுமாயின், அஞ்செட்டி மலைச்சரிவில் கடமான் எழுப்பும் எச்சரிக்கைக் குரலை நம் பின்னோரும் கேட்பர்.